மலாயா அவசரகாலம்: எந்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலாயாவில், அதாவது இன்றைய தீபகற்ப மலேசியாவில், பிரிட்டிஷ் ஆட்சிக்கும் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கும் இடையே 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த போரைப் பற்றி இரண்டு வகையானவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் தேடும் மாணவர்கள் ஒரு வகை. தாத்தாவின் தகரப் பெட்டியில் பழுப்பேறிய அடையாள அட்டை ஒன்றைக் கண்டெடுத்து, "இதில் ஏன் கட்டைவிரல் ரேகை இருக்கிறது?" என்று கேட்கும் பேரப்பிள்ளைகள் இன்னொரு வகை. சுற்றிவளைத்துப் பார்த்தால் இருவர் கேட்பதும் ஒன்றுதான்: எதை நம்புவது? பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் காட்டுக்குள் இருந்து போரிட்டவர்கள் மலாயா கம்யூனிஸ்டு கட்சியினர். அன்று அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது பிரிட்டன். 1948 ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் அந்தக் கட்சியின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாட்களில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. தாத்தாவின் பெட்டியில் இருப்பது அதுதான். 1950இல் பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களுக்குள் கம்பிவேலி போட்டுக் குடியமர்த்தப்பட்டார்கள். தோட்டங்களில் அங்கங்கே சிதறிக் கிடந்த லயன் வீடுகளும் ஒரே வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. கெரில்லாக்களுக்கு அரிசி போய்ச் சேராமல் தடுப்பதுதான் இதன் உயிர்நாடி. 1957இல் சுதந்திரம் வந்தது. 1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிவுக்கு வந்ததாக அறிவித்தார்கள்.

இவ்வளவுக்கும் சர்ச்சை இல்லை. மற்றதெல்லாம் யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் நடந்ததைப் "போர்" என்று சொல்லாமல் "அவசரகாலம்" என்றது ஏன்?

காப்பீட்டு நிறுவனங்களுக்காக என்று ஒரு விளக்கம் புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. போர் என்று அறிவித்தால் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இழப்பீடு கிடைக்காது என்பதால் வார்த்தையை மாற்றினார்களாம். நம்பத் தகுந்த விளக்கம்தான். ஆனால் இதை எழுதுபவர்கள் எந்த ஆவணத்தைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் காட்டும். அது மூன்றாவதைக் காட்டும். பத்துப் பேர் சொல்வதால் பத்து ஆதாரம் ஆகிவிடாது. ஒரே ஆள் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

எதிராளிக்கு வைத்த பெயரையும் கவனியுங்கள். முதல் ஆண்டுகளில் அரசுத் தாள்கள் அவர்களைக் "கொள்ளைக்காரர்கள்" என்கின்றன. 1952இல் அது "கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்" என்று அதிகாரபூர்வமாக மாறியது. தேதி கிழிந்துபோன ஒரு தாள் கிடைத்தால், அதில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை வைத்தே அது 1952க்கு முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அரசு வெளியிட்ட எண்களை நம்பலாமா?

கூட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள். அதிகாரபூர்வக் கணக்கின்படி கொல்லப்பட்ட கெரில்லாக்கள் 6,710, பிடிபட்டவர்கள் 1,287, சரணடைந்தவர்கள் 2,702. மொத்தம் 10,699. கெரில்லாப் படை உச்சத்தில் இருந்த 1951 வாக்கில் அதன் பலம் 7,000 முதல் 8,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. உச்ச பலத்தைவிட அதிகமானோர் ஒழிக்கப்பட்டதாகக் கணக்கு சொல்கிறது. இதனால் கணக்கு பொய் என்று ஆகிவிடாது. ஆட்கள் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்திருப்பார்கள். ஆனால் "இறந்தவர் கெரில்லாதான்" என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வி அங்கே எழ வேண்டும். பெரும்பாலும், சுட்டவரின் அறிக்கைதான் முடிவு செய்தது.

அதே கணக்கு, கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478 பேர், காணாமல் போனவர்கள் 810 பேர் என்கிறது. இந்தப் பத்தியை நான் வகுப்பில் நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்வேன். இதில் வருபவர்கள் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டவர்களாகவே கொள்ளப்படுகிறார்கள். படையினர் சுட்டுக் கொன்ற விவசாயி இந்தப் பத்தியில் வர மாட்டார். வந்தால் கெரில்லாக்களின் பத்தியில் "கொள்ளைக்காரராக" வருவார். இதற்கு ஓர் ஊரின் பெயரையே சொல்லலாம்: பத்தாங் காலி.

பத்தாங் காலியைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன செய்வது?

சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே, சுங்கை ரெமோக் ரப்பர்த் தோட்டம். 1948 டிசம்பர் 11ஆம் தேதி மாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ரோந்து அணி ஒன்று அங்கே நுழைந்தது. பெண்களையும் குழந்தைகளையும் ஆண்களிடமிருந்து பிரித்தார்கள். மறுநாள் பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்கள் மொத்தம் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடிசைகள் எரிக்கப்பட்டன. கொல்லப்பட்டவர்களிடம் ஆயுதம் எதுவும் இல்லை.

முதலில் வந்த செய்தி: கொள்ளைக்காரர்கள் மீது பெரிய வெற்றி. அடுத்து வந்த விளக்கம்: பிடித்து வைத்திருந்தவர்கள் தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஓடியதாகச் சொன்ன அத்தனை பேரில் ஒருவர்கூடக் காயத்தோடு தப்பவில்லை, எல்லாரும் இறந்தார்கள். பிடித்து வைத்திருந்த ஆண்களில், மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்கக்கூடிய கேள்வி இது.

1949 ஜனவரியில் இன்னொரு தாள் வருகிறது. அவசரகாலச் சட்டத்தில் 27ஏ என்ற புது விதி: தப்பி ஓடுபவரைத் தடுக்க உயிர் பறிக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாம். கொலை நடந்தது டிசம்பரில், விதி வந்தது ஜனவரியில். சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால் இது சாதாரண விதி. தேதிகளை அடுத்தடுத்து வைத்தால்தான் அதன் முகம் தெரிகிறது. அன்றைய அட்டர்னி ஜெனரல் ஒரு விசாரணை நடத்திப் படையினர்மீது குற்றமில்லை என்று முடித்தார். அந்த விசாரணையின் தாள்கள் இன்று கிடைப்பதில்லை.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1970இல், பிரிட்டனில் ஒரு ஞாயிறு இதழ் இந்தச் சம்பவத்தை வெளிக்கொண்டு வந்தது. அந்த ரோந்தில் இருந்த சிப்பாய்கள் சிலர், ஓடியதாகச் சொன்னது கட்டுக்கதை என்றும், நிராயுதபாணிகளைத்தான் சுட்டோம் என்றும் சத்தியப் பிரமாணம் செய்தார்கள். லண்டன் போலீஸ் விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு தேர்தலில் ஆட்சி மாறியது. போதிய ஆதாரம் இல்லை என்று விசாரணை நிறுத்தப்பட்டது. மலேசிய போலீஸ் 1993இல் தொடங்கிய விசாரணை 1997இல் மூடப்பட்டது. 2012இல் லண்டன் உயர் நீதிமன்றம், வேண்டுமென்றே கொன்றதற்கான ஆதாரம் இருக்கிறது என்று சொன்னது. ஆனால் புதிய விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் வேறு கருத்துச் சொன்னார்.

"நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டதே, அப்படியானால் கொலை நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, இத்தனை காலம் கழித்து விசாரணை நடத்த அரசுக்குச் சட்டப்படி கடமை உண்டா என்பது. "இல்லை" என்ற பதில் அந்தக் கேள்விக்கு மட்டும்தான். ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்தால், எந்தக் கேள்விக்குப் பதிலாக அது எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: அந்தத் தீர்ப்புகள் பொதுவெளியில் கிடைக்கின்றன, சம்பவத்தின் கால வரிசையையும் எந்த ஆண்டில் யார் என்ன சொன்னார் என்பதையும் நீதிபதிகள் பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள். சம்பவத்தைப் பற்றி வந்த பல புத்தகங்களைவிட அவை பயன்படும்.

முரண்பாட்டுக்கு வருகிறேன். 1948இல் சிப்பாய்கள் சொன்னது ஒன்று, 1970இல் சொன்னது வேறு. காலத்தால் நெருங்கிய சாட்சிதான் சிறந்தது என்று பாடப் புத்தகம் சொல்லும். இங்கே அது செல்லாது. 1948இல் உண்மையைச் சொன்னால் தூக்குமேடை. பொய் சொன்னால் ஒன்றுமில்லை. 1970இல் உண்மையைச் சொல்வதால் அவர்களுக்கு அவமானமும் வழக்கு வரும் அபாயமும்தான் மிச்சம். தனக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே சொல்லப்பட்ட வாக்குமூலத்துக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். பணம் வாங்கிக்கொண்டு பத்திரிகைக்குச் சொல்லியிருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. அதனால்தான் பிழைத்த பெண்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். சிப்பாய்களும் அந்தப் பெண்களும் ஒருவரையொருவர் கலந்து பேசி ஒரே கதையைச் சொல்ல வழியே இல்லை.

புகைப்படம் பொய் சொல்லாது அல்லவா?

1952 ஏப்ரல் 28ஆம் தேதி பிரிட்டிஷ் கம்யூனிஸ்டு நாளேடான டெய்லி ஒர்க்கர் ஒரு படம் வெளியிட்டது. சீருடை அணிந்த கடற்படை வீரர் ஒருவர் துண்டிக்கப்பட்ட தலைகளைக் கையில் பிடித்திருக்கிறார். போலிப் படம் என்று அதிகாரிகள் தரப்பில் உடனே மறுத்தார்கள். அந்தப் பத்திரிகையின் சார்பு ஊரறிந்தது. அதை வைத்து யாரும் படத்தைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் சில நாட்களில் காலனி அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன் நாடாளுமன்றத்திலேயே அது உண்மைப் படம் என்று ஒப்புக்கொண்டார். இறந்தவரை அடையாளம் காண உடலைக் காட்டுக்குள்ளிருந்து சுமந்து வர முடியாது, அதனால் தலை என்பது சொல்லப்பட்ட காரணம். சரவாக்கிலிருந்து வரவழைக்கப்பட்ட இபான் பழங்குடித் தடங்காட்டிகள்மீது பழியின் பெரும் பங்கு போனது.

சார்புள்ளவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சார்பற்றவராகத் தோன்றுபவர் மறுத்தது பொய்யாகவும் இருக்கலாம். இந்தப் படம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஒரு பத்திரிகை எந்தக் கட்சியுடையது என்று தெரிந்தால், அது எதைத் தேடிப் பிடித்துப் போடும், எதை விட்டுவிடும் என்று தெரியும். போட்டது உண்மையா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆவணங்களை எரித்துவிட்டார்கள் என்கிறார்களே?

எரித்தார்கள். மலாயா சுதந்திரம் பெறும் தறுவாயில் கோலாலம்பூரிலிருந்து கோப்புகளை லாரிகளில் ஏற்றி, சிங்கப்பூரில் இருந்த கடற்படையின் எரிப்பு உலைக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்குள் எரித்தால் புகையும் பேச்சும் கிளம்பும் என்பதால் இவ்வளவு தூரம். பின்னர் 1961இல் காலனி அமைச்சர் இயன் மெக்லவுட் இதை ஒரு முறையாகவே எழுதிக் கொடுத்தார்: பிரிட்டிஷ் அரசைச் சங்கடப்படுத்தக்கூடியவை, போலீசையும் படையையும் உளவு சொன்னவர்களையும் காட்டிக்கொடுக்கக்கூடியவை எதுவும் புதிய அரசுகளின் கைக்குப் போகக் கூடாது.

எரிக்காத சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள். கென்யாவின் மாவ் மாவ் எழுச்சியின்போது சித்திரவதைக்குள்ளான முதியவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் நெருக்குதலில் 2011இல் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் இருப்பது வெளிப்பட்டது. 2012 முதல் அவை லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. எஃப்சிஓ 141 என்பது அங்கே அந்தத் தொகுப்பின் எண். மலாயா, சிங்கப்பூர் கோப்புகளும் அதில் உண்டு.

ஆகவே, "காப்பகத்தில் தேடினேன், அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரமே இல்லை" என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள். எலி கடித்தும் கரையான் அரித்தும் போன தாள்கள் வேறு. ஆள் உட்கார்ந்து, தேர்ந்தெடுத்து, எரித்த தாள்கள் வேறு. இங்கே மிஞ்சியிருப்பது, மிஞ்சட்டும் என்று ஒருவர் விட்டது. அதே சமயம், "எரித்துவிட்டார்கள், எனவே நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று ஆரம்பிப்பவர்களிடமும் எனக்குப் பொறுமை கிடையாது. வெற்றிடம் வெற்றிடம்தான், அதில் விருப்பப்பட்டதை நிரப்ப முடியாது.

படையினரின் பயிற்சிக் கையேடு ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. அதை ஆதாரமாக வைக்கலாமா?

1952இல் மலாயாவுக்கென்றே அச்சிட்ட கையேடு அது. ரோந்து, பதுங்கித் தாக்குதல், தேடுதல் எல்லாவற்றையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எப்படிச் செய்தார்கள் என்று சொல்வதில்லை. சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு அன்று வீட்டில் சோறு எப்படி வெந்தது என்று சொல்ல முடியாதல்லவா? ஒரு தடையைக் கையேடு அழுத்திச் சொன்னால், அந்தத் தவறு அடிக்கடி நடந்தது என்று ஊகிக்கலாம். அவ்வளவுதான்.

கம்யூனிஸ்டுகள் பக்கத்து ஆதாரங்கள் எவ்வளவு நம்பகமானவை?

கட்சிச் செயலாளர் சின் பெங் 2003இல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். தலைக்கு இரண்டரை லட்சம் மலாயா டாலர் விலை வைக்கப்பட்டிருந்த மனிதரே பேசுகிறார் என்பதால் அதற்கு ஒரு மவுசு. படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: எழுதுவதற்கு முன் அவர் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கோப்புகளைப் படித்திருக்கிறார். ஆகவே பிரிட்டிஷ் கோப்பும் சின் பெங்கும் ஒரே விவரத்தைச் சொன்னால், இரண்டு சாட்சிகள் ஒத்துப்போவதாக உடனே குதிக்க வேண்டாம். ஒரு சாட்சி மற்றதைப் படித்துவிட்டு வந்திருக்கிறது.

அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைவரான ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டார். கெரில்லாக்கள் அடித்த மிகப் பெரிய அடி அது. திட்டமிட்டுச் செய்தோம் என்று மார்தட்டிக்கொள்ள சின் பெங்குக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. காரில் இருந்தவர் யார் என்றே எங்கள் ஆட்களுக்குத் தெரியாது, தற்செயல்தான் என்கிறார். பெருமை காத்திருக்கும் இடத்தில் அதை வேண்டாம் என்று சொல்பவரை நான் நம்புவேன்.

சரணடைந்தவர்களின் எழுத்தை வேறு தட்டில் வையுங்கள். 1950இல் சரணடைந்த லாம் ஸ்வீ என்ற அரசியல் பொறுப்பாளரின் குற்றச்சாட்டுகள் மறு ஆண்டே புத்தகமாக வந்தன. உள்ளே இருந்த கசப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் கசப்பை அச்சில் ஏற்றுவது என்று தீர்மானித்தது எதிர்த்தரப்பு.

மொழிபெயர்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். கெரில்லாப் படையின் பெயரை ஆங்கிலப் புத்தகங்கள் பல "மலாயா இனங்களின் விடுதலைப் படை" என்று எழுதுகின்றன. மூலச் சீனச் சொல்லுக்கு இனம், தேசிய இனம் என்று இரு பொருளும் உண்டு. கட்சி சொன்னது "தேசிய விடுதலைப் படை". ஒரு சொல் இடறியதில், தேசத்துக்காகப் போராடுவதாகச் சொன்ன படை இனக் கூட்டணி போல ஆகிவிட்டது. "இனம்" என்ற சொல்லால் நாமே எத்தனை முறை இடறியிருக்கிறோம்! தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"மக்கள் மனத்தை வென்றதால்தான் பிரிட்டன் வென்றது" என்கிறார்களே?

1952 பிப்ரவரியில் புது ஹை கமிஷனராக வந்த ஜெனரல் டெம்ப்ளரோடு ஒட்டிக்கொண்ட வாசகம் அது. அவரே 1968இல் அந்தச் சொற்றொடர் தனக்குக் குமட்டுவதாகச் சொன்னார் என்பது தனிக் கதை.

முதலில் தேதிகளைப் பாருங்கள். தாக்குதல்கள் உச்சத்தில் இருந்தது 1951. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கம்யூனிஸ்டு கட்சி தன் ஆட்களுக்குப் புது உத்தரவு போட்டது: பொதுமக்களைத் துன்புறுத்தாதே, அடையாள அட்டைகளைப் பிடுங்காதே, ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்க்காதே. டெம்ப்ளர் வந்து இறங்குவதற்கு நான்கு மாதம் முன்பு. பிரிக்ஸின் வேலிகளும் அதற்கு முன்பே எழத் தொடங்கிவிட்டன. 1952இல் சம்பவங்கள் குறைந்ததற்குப் புதிதாக வந்த ஒருவரே காரணம் என்றால், மழை பெய்ததற்குக் குடை விரித்தவரைக் காரணம் சொல்வது போலத்தான். அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை; 1953 செப்டம்பரில் மலாக்காவில் முதல் "வெள்ளைப் பகுதி" அறிவித்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது அவர் காலத்தில்தான்.

அடுத்து தஞ்சோங் மாலிம். 1952 மார்ச்சில் அந்த ஊருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு 12 பேர் இறந்தார்கள். டெம்ப்ளர் நேரில் வந்தார். ஒரு நாளில் 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீடு குறைந்தது, பள்ளி மூடியது, பஸ் நின்றது. பிறகு வீடு வீடாக ஒரு படிவம்: தெரிந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றி எழுது, பெயர் போட வேண்டாம். பூட்டிய பெட்டிகளில் சேர்த்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், ஊர்ப் பிரதிநிதிகள் முன்னிலையில் டெம்ப்ளர் திறந்தார். சில கைதுகள் நடந்தன, ஊரடங்கு விலகியது.

அந்தப் படிவம் ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. அவர் கம்யூனிஸ்டா? எழுதியவருக்கு அவரிடம் கடன் பாக்கியா? வேலித் தகராறா? எதையாவது எழுதினால்தான் குழந்தைக்குச் சோறு கிடைக்கும் என்ற பயமா? அந்தத் தாள் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. வெறுமையாக வந்த படிவங்களும் சாட்சிதான், ஆனால் எதற்குச் சாட்சி என்று தெரியாது.

இந்த வெற்றிக் கதைக்கு வெளிநாடுகளிலும் கிராக்கி இருந்தது. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்ப்சன் 1961இல் தென் வியட்நாமின் சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். 2006இல் ஈராக் போருக்கு நடுவே அமெரிக்க ராணுவம் எழுதிய கையேட்டிலும் மலாயா வருகிறது. பாடம் தேடி வருபவருக்குப் பாடம் கிடைக்கும்படிதான் வரலாறு எழுதப்படுகிறது. மலாயா அரசே கேட்டு, ரகசியக் கோப்புகளைத் திறந்துவிட்டு, ஆந்தனி ஷார்ட் என்ற வரலாற்றாசிரியரை எழுத வைத்தது. எழுதி முடித்ததும் வெளியிட மறுத்துவிட்டது. 1975இல் லண்டனில்தான் அது அச்சானது. அரசு கேட்டு எழுதியது, ஆனால் அரசுக்குப் பிடிக்காதது: இப்படிப்பட்ட புத்தகத்தைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன்.

தோட்டத் தமிழர்கள் இந்த ஆவணங்களில் எங்கே இருக்கிறார்கள்?

ஓரத்தில். பெரும்பாலான கோப்புகள் இதைச் "சீனப் பிரச்சினை" என்றே பார்த்தன. தமிழர் தொழிலாளர் துறை அறிக்கைகளில் எண்ணிக்கையாகவும், தோட்ட நிர்வாகத்தின் கடிதங்களில் "கூலிகள்" என்றும் வருகிறார்கள். பெயரோடு வருவது அனேகமாக நீதிமன்றத் தாளில்தான்.

எஸ். ஏ. கணபதியை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மண்ணில் பிறந்தவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கணபதி கெரில்லாவா, தொழிற்சங்கவாதியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வழக்கின் தாள் இதைத் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவசரகாலச் சட்டப்படி கைத்துப்பாக்கி அவரிடம் இருந்தது என்று நிரூபித்தால் போதும், தூக்கு. அவர் யார், எதற்காக வைத்திருந்தார் என்று கேட்கும் தேவை அந்தச் சட்டத்துக்கு இல்லை. கேட்காத கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருக்காது.

இங்கே மூன்றாவது தரப்பின் தாள்கள் கைகொடுக்கும். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றது; ஆகவே டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். சிங்கப்பூரின் தமிழ் முரசு இதழ்கள் அங்குள்ள தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. அவசரகாலத் தணிக்கையின் நிழலில் அச்சானவை என்பதை மறக்காமல் படியுங்கள். தலையங்கத்தைவிடக் கடைசிப் பக்கத்து விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் சில நேரம் அதிகம் பேசும்.

பாட்டி சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியிடம் ஒரு மாணவி "அவசரகாலத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டாள். "ஒன்றும் நடக்கவில்லையே" என்றார் பாட்டி. "கடையில் பால் டின் எப்படிக் கொடுப்பார்கள்?" என்று நான் கேட்டேன். "ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான். அன்றைக்கே குடித்துவிட வேண்டும், எறும்பு மொய்த்துவிடும்" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. டின்னைத் துளைத்து விற்க வேண்டும் என்பது உணவுக் கட்டுப்பாட்டு விதி; சேமித்து வைத்துக் காட்டுக்குள் கொடுத்துவிடாமல் இருக்க. விதி தாளில் இருக்கிறது. எறும்பு மொய்த்தது பாட்டியிடம்தான் இருக்கிறது.

தேதியும் எண்ணும் நினைவில் நிற்காது. ஜப்பான் காலமும் கம்யூனிஸ்டு காலமும் கலந்துபோகும். பிற்காலத்தில் பார்த்த படமும் கேட்ட பேச்சும் நினைவாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் கை செய்த வேலை, வாசலில் நின்ற வரிசை, நாவில் பட்ட ருசி ஆகியவை எளிதில் அழிவதில்லை. அவமானமும் அழியாது, ஆனால் வெளியே வராது. அதிகாலையில் தோட்டத்துக்குப் போகும் வழியில் வேலிக் கதவில் உடல் சோதனை நடக்கும். 1956இல் சிலாங்கூரின் செமினியில் பெண்களைச் சோதித்த விதம் பற்றிப் புகார் எழுந்து அரசே விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. இதைப் பேரனிடம் எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். பேத்தியை அனுப்புங்கள், வீட்டில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புங்கள்.

நான் எங்கிருந்து தொடங்குவது?

கையில் இருக்கும் ஒரே ஒரு பொருளிலிருந்து. அடையாள அட்டை கிடைத்திருந்தால், அதில் போட்டிருக்கும் தோட்டத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முகவரி அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதியில் என்று பாருங்கள். குடும்பம் வேலிக்குள் கொண்டுவரப்பட்ட மாதம் அதில் இருக்கலாம். அந்த மாதத்துத் தமிழ் முரசில் அந்த வட்டாரத்துச் செய்தியைத் தேடுங்கள். கோலாலம்பூர் காப்பகத்தில் அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். இவற்றையெல்லாம் முடித்த பிறகு பொதுவான வரலாற்றுப் புத்தகத்தைத் திறவுங்கள்.

போகும்போது அட்டையை லேமினேட் செய்துவிடாதீர்கள். சென்ற மாதம் ஒருவர் அப்படிச் செய்து, மையெல்லாம் கசிந்து, ரேகையை மட்டும் மிச்சமாக எடுத்து வந்தார்.